தூண்களை மட்டும் பார்த்தால் இத்தாலிய வில்லா புரியாது

இத்தாலிய பாணி வில்லா என்றதும் வெள்ளைத் தூண்களும் முக்கோண முகப்பும் குவிமாடமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இதற்கு முதற்காரணம், விசென்சா நகரின் விளிம்பில் குன்றின்மேல் நிற்கும் லா ரொதோந்தா. நான்கு பக்கமும் ஒரே மாதிரியான முகமண்டபங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு தூண்கள் என்று அமைந்த அந்த மாளிகையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை வடிவமைத்த ஆந்திரேயா பல்லாடியோவே, 1570-இல் வெளியிட்ட தம் கட்டடக்கலை நூலில், அதை வில்லாக்களோடு சேர்க்காமல் நகர மாளிகைகளின் வரிசையில்தான் வைத்தார்.

வில்லாவின் இலக்கணத்தை அறிய விரும்புவோருக்கு நான் காட்டுவது, அதே பல்லாடியோ ஃபன்சோலோவில் கட்டிய வில்லா எமோவைத்தான். அடிப்படையில் அது ஒரு பண்ணைவீடு. நடுவில் உயர்த்திக் கட்டிய வீடு. அதன் இருபுறமும், முன்பக்கம் வளைவுகள் வரிசையாக அமைந்த நீண்ட தாழ்வாரங்கள். அவற்றின் கோடிகளில் புறாக்கூண்டுக் கோபுரங்கள். தானியக் களஞ்சியம், நிலவறை, தொழுவம் என எல்லாமே அந்தத் தாழ்வாரச் சிறகுகளுக்குள் அடங்கிவிடுவதால், மழையிலும் வெயிலிலும் நனையாமல், காயாமல் எங்கும் போய்வரலாம் என்பதைப் பல்லாடியோ தம் நூலில் எடுத்துச் சொல்கிறார். முகமண்டபம்கூட வெளியே துருத்திக்கொண்டு நிற்காமல் கட்டடத்துக்குள்ளேயே வாங்கி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை நோக்கி ஏறும் அகன்ற சரிவுப்பாதை கதிரடிக்கும் களமாகவும் பயன்பட்டது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

இருபுறமும் ஒத்திருப்பது வெறும் அலங்காரம் அன்று. வலப்பக்க அறைகள் இடப்பக்க அறைகளோடு ஒத்திருந்தால் கூரையின் பாரத்தைச் சுவர்கள் சமமாகத் தாங்கும் என்பது பல்லாடியோ சொல்லும் காரணம். தூண்களிலும் இதே போன்ற நடைமுறை நோக்கு உண்டு. கல்தச்சராகத் தொழில் பயின்ற அந்த மனிதர், தம் வில்லாக்கள் பலவற்றில் செங்கல்லை அடுக்கித் தூண் எழுப்பி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கல்லின் தோற்றத்தைக் கொண்டுவந்தார். (பழைய சென்னையின் மாளிகைத் தூண்களில் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சும் இதே வேலையைத்தான் செய்தது.)

ஆகவே, நாற்காலி போடக்கூட இடமில்லாத முகமண்டபத்துக்கு முன்னால் வார்ப்புத் தூண்களை நிறுத்திவிட்டு, அதை இத்தாலிய வில்லா என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தூண்களுக்கு ஆகும் பணத்தில் தாழ்வாரத்தைச் சற்று அகலமாக்கியிருந்தாலே பல்லாடியோவுக்கு இன்னும் நெருக்கமான வீடு கிடைத்திருக்கும்.