கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

அணு உலை விபத்துக்கான அவசரத் திட்டம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். விபத்து நடந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை மக்களை வெளியேற்றுவது என்பதோடு அது நின்றுவிட்டது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. 2011 மார்ச் 11 இரவு 3 கிலோமீட்டர், மறுநாள் விடிகாலை 10, சாயங்காலம் 20 என்று வெளியேற்ற உத்தரவு மாறிக்கொண்டே போனது. ஒதுங்கிய இடத்திலிருந்து மறுபடியும் கிளம்ப வேண்டிய நிலை.

சரி, நடக்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். உலையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்த ஃபுதாபா மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்கள்? அவர்களைப் பேருந்து இருக்கைகளில் உட்கார வைத்து மணிக்கணக்கில் கொண்டுபோனார்கள். கூட மருத்துவரோ செவிலியரோ இல்லை. அந்த மருத்துவமனையையும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தையும் சேர்ந்தவர்களில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கொன்றது கதிர்வீச்சு அல்ல, அலைச்சலும் கவனிப்பின்மையும்.

இன்னொரு கூத்து: நெருக்கடியைக் கையாள, உலை இருந்த ஒகுமா ஊரிலேயே கட்டியிருந்த மையத்தில் கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டியே கிடையாது. மார்ச் 15 அன்று அதையே காலி செய்தார்கள். அதே நாளில் மிஹாரு நகர நிர்வாகம் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் அயோடின் மாத்திரையை மக்களுக்குக் கொடுத்தது.

ஜப்பான் பிறகு அவசரத் திட்டம் தயாராக இருக்க வேண்டிய எல்லையை உலையிலிருந்து 30 கிலோமீட்டராக்கியது. நல்லதுதான். ஆனால் படுக்கை நோயாளியை எந்த வண்டியில், யார் துணையோடு, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று எழுதி வைக்காத திட்டத்தில் எல்லை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?