பாகற்காயும் பத்துத் தடவையும்

(பினாங்கு, ஆயர் ஈத்தாம். அடுக்குமாடி வீடொன்றின் குறுகிய பின் தாழ்வாரம். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் கணேசன், பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோட்டம் போடவும் நல்லுணவு உண்ணவும் கற்பிக்கும் தொண்டர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியை முடித்துவிட்டு, கையில் ஒரு கங்கோங் கீரைத் தொட்டியோடு அக்காள் சரோஜாவைப் பார்க்க வந்திருக்கிறார்.)

சரோஜா: ஐந்து வயதில் பாகற்காயை மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்து, வீடெங்கும் எறும்பு வரவழைத்தவன் நீ. உன்னையா தம்பி காய்கறியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அழைத்தார்கள்?

கணேசன்: என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அக்கா பயிற்சியே நடக்கிறது. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று என்ற கலவையை வெண்பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்த பயிற்றுநர் கையைத் தூக்கி, "சார், மண்ணை எப்போது தொடலாம்?" என்று கேட்டார். அத்தோடு என் பாடம் முடிந்தது.

சரோஜா: அது கிடக்கட்டும். ஒரு மாங்கன்று கொடுத்திருக்கக் கூடாதா?

கணேசன்: மாங்கன்று காய்ப்பதற்குள் பாலர்பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடும். கங்கோங் என்றால் விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். தான் விதைத்ததைத் தானே பறித்த பிள்ளை அதை நாக்கில் வைத்துப் பார்க்கவாவது சம்மதிக்கும். அப்புறம், சுக்கு சுக்கு செப்பாரோ என்று ஒரு பாடம்.

சரோஜா: சுக்கா? யாருக்குத் தொண்டை கரகரப்பு?

கணேசன்: மலாய்ச் சுக்கு, அக்கா! சுக்கு என்றால் கால், செப்பாரோ என்றால் பாதி. சுகாதார அமைச்சு சொல்லும் தட்டுக் கணக்கு அது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நாசி கண்டார் சோற்றில் பாதித் தட்டுக்குக் குழம்புதானே நிற்கிறது, அதைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பயிற்றுநர் பதில் சொல்லவில்லை; என் வயிற்றை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சரோஜா: கீரை தின்றால் மிட்டாய் தருகிறேன் என்று சொன்னால் பிள்ளைகள் தின்றுவிட்டுப் போகின்றன.

கணேசன்: அதைத்தான் செய்யவே கூடாதாம். அப்படிச் சொன்னால் கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். நானும் தெரியாமல் சட்டைப்பை நிறைய மிட்டாய் கொண்டு போயிருந்தேன்.

சரோஜா: என்ன செய்தாய்?

கணேசன்: தேநீர் இடைவேளையில் நானே தின்றுவிட்டேன். பிடிக்காத காயைப் பத்துத் தடவையாவது, வற்புறுத்தாமல், சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சரோஜா: அம்மாவும் நானும் உன் மனைவியும் உனக்குக் கொடுத்த பாகற்காயைக் கூட்டினால் ஆயிரம் தடவையைத் தாண்டுமே?

கணேசன்: அம்மா கையில் அகப்பை இருந்தது, அக்கா. வற்புறுத்திக் கொடுத்தவை கணக்கில் வரா.

சரோஜா: அப்படியென்றால் இதை முதல் தடவையாக வைத்துக்கொள். (தட்டை நீட்டுகிறார்.) பேரன் கதவோரம் நின்று உன்னையே பார்க்கிறான். பெரியவர்கள் தின்பதைப் பார்த்துத்தானே பிள்ளைகளும் தின்னும்?

கணேசன்: (கண்ணை மூடி ஒரு துண்டை மென்றபடி) ஆகா, தேனாக இனிக்கிறதடா!

சரோஜா: பொய் சொல்லவும் பயிற்சி கொடுத்தார்களா?

கணேசன்: இல்லை, கசப்பைக் கசப்பென்றே சொல்லச் சொன்னார்கள். (இரண்டாவது துண்டை மெல்ல உள்ளங்கைக்குள் மறைக்கிறார்.)

சரோஜா: லாச்சியைப் பூட்டிவிட்டேன், தம்பி.