இணைய முகவரி யாருடைய சொத்து?

கல்முனை, களுவாஞ்சிக்குடி பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கமெரா பூட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டாரில் இருக்கிற மகன் அங்கிருந்தே வீட்டைப் பார்க்க ஆசைப்படுவார். ரூட்டரில் எல்லாம் சரியாகப் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர வழியிருக்காது. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அந்த வீட்டுக்கென்று வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு பொது ஐபி முகவரி இல்லாததுதான் காரணம். ஒரே முகவரியில் ஏராளமான இணைப்புகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். கமெரா கம்பனியின் வெளிநாட்டு சேர்வர் வழியாகப் பார்க்கலாம். அப்போது நம் வீட்டுப் படம் முன்பின் தெரியாதவர்களின் கையால் போய் வருகிறது. தனி முகவரி கேட்டால் மாதாமாதம் மேலதிகக் காசு. அதே முகவரியைப் பாவிக்கிற யாரோ ஒருவர் செய்த வேலைக்காக, ஏதோ ஒரு தளம் நம் எல்லோரையும் சேர்த்துத் தடுத்துவிடுவதும் உண்டு.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் இதைப் பங்கீட்டுப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறேன்.

ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரு கல்வி நிறுவனத்துக்கு மட்டும் 1 கோடியே 67 இலட்சம். ஆப்பிளுக்கும் அவ்வளவு, ஃபோர்ட் கார் கம்பனிக்கும் அவ்வளவு. 1990இல் நம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. முகவரி கேட்டு விண்ணப்பம் போடுகிற நிலையிலா நாம் இருந்தோம்?

2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் பகுதிக்கு முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பதிவகமான ஏப்னிக், ஏப்ரல் 15ஆம் திகதி கடைசித் தொகுதியைத் தொட்டது. அப்போது அவர்கள் கடைப்பிடித்த விதி எனக்குப் பிடித்தது. பெரிய கம்பனிகள் வந்து வாரிக்கொண்டு போகாமல், இனி எவருக்கும் அதிலிருந்து 1024 முகவரிகளுக்கு மேல் இல்லை என்றார்கள். 2019இல் அது 512 ஆனது. பிந்தி வருகிறவனுக்கும் கொஞ்சமாவது இருக்கட்டும் என்ற எண்ணம்தான். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் குறைந்தால், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் போட்டுத்தானே முடிவெடுக்கிறோம்? மடைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் தன் பங்குத் தண்ணீரை விற்றுக் காசாக்க தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற எந்த வட்டவிதானை விடுவார்?

இணையத்தில் விடுகிறார்கள். 2011இல் திவாலான நோர்டெல் கம்பனி ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை 75 இலட்சம் டொலருக்கு மைக்ரோசொஃப்டுக்கு விற்றது. எம்ஐடி 2017இல் தன் பங்கில் பாதியை விற்க முன்வந்தது. ஒரு சதம் கொடுக்காமல் வாங்கியதைத்தான் விற்கிறார்கள். சந்தை இருந்தால் சும்மா கிடக்கும் முகவரிகள் வெளியே வரும் என்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் காசு உள்ளவர் கைக்குத்தானே அவை போகின்றன? தேவையை நிரூபித்தவருக்கே முகவரி என்ற விதியைத் தளர்த்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த விதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஆப்பிரிக்கா இருக்கிறது. அங்குள்ள பதிவகமான ஆஃப்ரினிக், ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த 60 இலட்சத்துக்கும் அதிகமான முகவரிகளைத் திரும்பப் பெற முயன்றது. விவகாரம் மொரீஷியஸ் நீதிமன்றத்துக்குப் போய், 2021இல் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. பிறகு சில வருடங்கள் ஒழுங்கான நிர்வாக சபைகூட இல்லை. ஒரு கண்டத்தின் பங்கு வழக்குக் கட்டுகளுக்குள் சிக்கிக் கிடந்தது.

ஏப்னிக்கின் முகவரி விதிகளை யாரும் முன்மொழியலாம். உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, இணையம் வழியாகவும் பேசலாம். வாக்கெடுப்பு இல்லை, பொது இணக்கம்தான். இந்த விதிகளைப் பேசுகிற ஏப்னிக் கூட்டம் 2016இல் கொழும்பிலேயே நடந்தது. ஆனால் நிர்வாக சபைத் தேர்தல் வேறு மாதிரி. முகவரி அதிகம் வைத்திருப்பவருக்கு வாக்கும் அதிகம். இது மாற வேண்டும். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் கணினி படிக்கிற பிள்ளைகளே, அந்தக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கிழக்கிலிருந்து ஒரு குரல் கேட்கட்டும்.

ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வந்துவிட்டதே என்பார்கள் சிலர். சரி, அதில் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய முகவரியில் மட்டும் இயங்கும் தளங்கள் இன்னும் ஏராளம், அதனால் இரண்டும் தேவை. வீட்டுக்குப் புதிதாக ஃபைபர் எடுக்கிறவர்கள், பூட்ட வருகிறவரிடம் ஐபிவி6 இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர் கிளம்புவதற்கு முன் ரூட்டரில் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.