“பின்பலகையில் ஒட்டவும்” என்ற ஒற்றை வரி

பதினோரு மாலைகள். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி நுண்ணிய வளைவுகளை அறுக்கும் ஸ்க்ரோல் ரம்பத்தின் முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, 3 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் ஒரு கொடியையும் அதன் நடுவில் ஒரு பறவையையும் அறுத்தெடுத்தேன். உள்ளே மட்டும் 186 துளைகள். ஒவ்வொன்றுக்கும் பிளேடைக் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி, இறுக்கி, அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும். சில காம்புகள் இரண்டு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. ஒன்றுகூட முறியவில்லை. பன்னிரண்டாவது மாலை அதைப் பின்பலகையில், அதாவது அதற்குப் பின்னணியாக நிற்கும் பலகையில், ஒட்ட உட்கார்ந்தேன். இருபதே நிமிடத்தில் எல்லாம் பாழ்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழி தானாக உடைந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இங்கே அது உடையும் என்று தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

எந்த வரைபடத்தோடு வரும் செய்முறையையாவது எடுத்துப் பாருங்கள். எந்த எண் பிளேடு, எவ்வளவு இழுவிசை, எந்தத் துளையில் தொடங்குவது, எந்த மூலையில் எப்படித் திரும்புவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: “அறுத்த பகுதியைப் பின்பலகையில் ஒட்டவும்.” அவ்வளவுதான். எந்தப் பசை? எவ்வளவு? எப்படிப் பூசுவது? எதை வைத்து அழுத்துவது? வண்ணம் பூசுவது ஒட்டுவதற்கு முன்பா, பின்பா? ஒன்றுமே இல்லை. அஞ்சல் தலையை உறையில் ஒட்டுவது போல அது சுலபமான காரியம் என்று எழுதியவர் நினைத்துவிட்டார் போலும்.

இரண்டு சமதளப் பலகைகளை ஒட்டும்போது மிகுந்த பசை நான்கு ஓரங்களில் பிதுங்கும். துடைத்தால் தீர்ந்தது. பலகையைத் துளை துளையாக அறுத்து உருவம் எடுக்கும் இந்த நுண்ணிய ஃப்ரெட் வேலையில் ஒவ்வொரு துளையும் ஒரு ஓரம். 186 துளைகள் என்றால் 186 இடங்களில் பசை பிதுங்கும். அதுவும் விரல் நுழையாத, துணி நுழையாத, கூர்மையான உள்மூலைகளில். ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறார்கள். துடைத்துப் பார்த்தேன். துணியின் நூல் ஓர் இலையின் நுனியில் சிக்கியது. பசை தண்ணீராக நீர்த்து மரத்தின் இழைகளுக்குள் இறங்கியது. மேலே பார்ப்பதற்குப் பளிச்சென்றுதான் இருந்தது.

கொடுமை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மரவேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்ததும் நிறமற்றுப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் சாயம்) பூசிய பிறகுதான் அது தன் முகத்தைக் காட்டும். பசை இறங்கிய இடங்களில் மரத்தின் நுண்துளைகள் அடைபட்டிருப்பதால் நிறம் உள்ளே போகாது. என் பறவையின் இறக்கையில் மூன்று வெளிறிய திட்டுகள். கொடியின் ஒவ்வோர் இலை ஓரத்திலும், நகத்தால் கீறியதுபோல, மெல்லிய வெளுத்த கோடு. உப்புத்தாளால் தேய்க்கலாமா? ஒட்டிய பிறகு அந்தக் காம்புகளுக்கு நடுவே உப்புத்தாளை எங்கே நுழைப்பது?

“பசையைக் குறைவாகப் பூசினால் போதுமே” என்று யாராவது உடனே சொல்வார்கள். குறைவு என்றால் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள் என்றுதான் தொண்டை வறளக் கேட்கிறேன். அதற்கு முன்பு ஒரு சிறிய வேலையில் குறைத்துத்தான் பூசினேன். பல்குச்சி நுனியால் பொட்டுப் பொட்டாக வைத்தேன். இந்தப் பசை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்டத் தொடங்கிவிடும். கடைசிப் பொட்டை வைப்பதற்குள் முதல் பொட்டு பிடிப்பை இழந்திருந்தது. அதோடு பசையில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அந்தப் பக்கம் உப்பும், பலகை வளையும். காலையில் பார்த்தால் இலை நுனிகள் எல்லாம் பின்பலகையை விட்டு எழுந்து நின்றன. அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், தடையில்லாமல் போனது.

மிகுந்தால் கறை, குறைந்தால் பிளவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய இடைவெளியைப் பற்றித்தான் செய்முறை எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க வேண்டும்.

அழுத்துவது தனிக்கதை. ஈரப் பசையின் மேல் பலகை மிதக்கும். கிளாம்பை இறுக்க இறுக்க அது நழுவும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சட்டத்தின் விளிம்பு கோணலாகத் தெரியும். நேராக்க நகர்த்தினால் நகர்ந்த வழியெல்லாம் பின்பலகையில் பசைத் தடம்.

மாற்று வழி சொல்கிறவர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. ஸ்ப்ரே பசை அடி என்கிறார்கள். அது அடிப்பக்கத்தில் மட்டும் படியாமல் துளைகளின் உள்சுவர்களிலும் படிந்து, பிறகு தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில வகைகளில் ஒரு முறை தொட்டுவிட்டால் நகர்த்தவும் முடியாது. உடனடிப் பசை (சூப்பர் க்ளூ) என்கிறார்கள். அதன் ஆவி பக்கத்து மரத்தில் வெண்பொடியாகப் படியும், அடர்நிற மரத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும். வண்ணமெல்லாம் அடித்து முடித்துவிட்டு ஒட்டு என்கிறார்கள். எண்ணெய் குடித்த அடிப்பக்கத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது என்ற எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்வதில்லை. பெயின்ட் அடித்த பின்பலகையிலும் இதே கதைதான். பசை மரத்தைப் பிடிப்பதில்லை, பெயின்ட்டைப் பிடிக்கிறது. பெயின்ட் உரிந்தால் எல்லாமே உரியும்.

எனக்கு எது கைகொடுத்தது என்பதைக் கழிவுத் துண்டுகளில் வாரக்கணக்கில் ஒட்டிப் பார்த்துத்தான் கற்றேன். முதலில் அடிப்பக்கத்துப் பிசிறு முழுவதும் போக வேண்டும். பிளேடு கீழே இறங்கும்போது ஒவ்வொரு துளையின் அடியிலும் நுண்ணிய நார்களை விட்டுச் செல்கிறது. அவை இருக்கும்வரை பலகை சமமாகப் படியவே படியாது. நைந்த உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, காம்புகளின் போக்கிலேயே மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே ஸ்டெயினை மேற்பக்கத்திலும் துளைகளின் உட்சுவர்களிலும் பூசிக் காயவிட்டு, அடிப்பக்கத்தை வெறும் மரமாக விட வேண்டும். பின்பலகைக்கும் பெயின்ட்டைத் தவிர்த்து, தண்ணீரில் கரைந்த ஸ்டெயினோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறகு பசையைப் பலகையில் நேரடியாகப் பூசாமல், ஒரு கண்ணாடித் தகட்டில் ஊற்றி, சிறிய ரோலரால் உருட்டி, கண்ணாடி மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக்கி, அதன் மேல் ஃப்ரெட் பலகையைப் படுக்கவைத்து, மெல்லத் தட்டி, நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கும்போது பசை விடமாட்டேன் என்று இழுக்கும். அப்போது இரண்டு கையும் நடுங்காமல் இருக்க வேண்டும், ஒரு காம்பு அங்கேயே முறிய வாய்ப்புண்டு. பின்பலகையில் முன்கூட்டியே இரண்டு பக்கம் தடுப்புக் கட்டைகளைப் பொருத்தி வைத்திருந்தால், அவற்றோடு ஒட்டினாற்போல் இறக்கலாம், நழுவாது. மேலே மெழுகுத் தாள், அதன் மேல் மெத்தென்ற ஃபோம், அதன் மேல் தட்டையான பளு. வெறும் பலகையை வைத்தால் உயரமான இடங்கள் மட்டுமே அழுந்தும். முழுப் பிடிப்பு வர ஒரு நாள் விட்டுவிட வேண்டும்.

அப்படியும் அங்கங்கே முத்து முத்தாகப் பசை பிதுங்கினால், ஈரத்துணியை எடுக்கவே எடுக்காதீர்கள். அது ரப்பர்போல இறுகும்வரை காத்திருந்து, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் அடியில் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும்.

இவ்வளவுதானே? ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் விஷயம். இதை அச்சிட அந்தச் செய்முறைகளில் இடமில்லையாம், ஆனால் பிளேடு எண் அட்டவணைக்கு மூன்று பக்கம் இருக்கிறது. பிளேடு தவறினால் ஒரு துண்டு பிளைவுட் போகும். பசை தவறினால் பதினோரு மாலைகள் போகின்றன. இந்தக் கலைக்குப் புதிதாக வருகிறவர் இந்த இடத்தில்தான் தன் கைக்கு இந்த வேலை வராது என்று நினைத்து ரம்பத்தை மூடி வைக்கிறார். அவருடைய கையில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

அந்தப் பறவையை மறுபடி அறுக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்றோடு 41 துளைகள் முடிந்திருக்கின்றன. அதே செய்முறைத் தாள்தான் மேசையில் கிடக்கிறது. அதன் கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே எழுதிய அத்தனையையும் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.