மனுசனே குடிக்கிறான், மீனுக்கு இன்னா?

தண்ணீர் கேன் போடுகிறவர் இன்று காலை வாசலில் நின்று கேட்ட கேள்விதான் தலைப்பு. அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெர்மன் புளூ ராம் என்ற தொட்டி மீன் வைத்திருப்பவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். ஜோடி சேர வைப்பதே பெரும்பாடு. பெண்ணின் வயிறு ரோஜா நிறமாகி, இரண்டும் சேர்ந்து தட்டைக் கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் வீட்டில் அன்றைக்கு விசேஷம். தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மீன் அது. வெதுவெதுப்பான, உப்பு அதிகமில்லாத தண்ணீரில் வாழ்ந்தது. 28 டிகிரி சூட்டை வேலூர் தாராளமாகக் கொடுக்கும். தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை, அதாவது கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை, விட்டால் 1100. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. நாம் இன்னும் கேன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேனிலும் கை வைத்தால்?

ஒரே வண்டியில், ஒரே மாதிரி சீலோடு வந்த இரண்டு ஆர்.ஓ. கேன், அதாவது உப்பை வடிகட்டிய தண்ணீர் என்று விற்றது. முதல் கேனில் மீட்டர் 40 காட்டியது. அதையும் அடுத்ததையும் பாதாம் இலைச் சாறு கலந்து தொட்டியில் விட்டேன். மறுநாள் கல் முழுக்க முட்டை. ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் காவல் நின்று விசிறின. அடுத்த நாள் சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இரண்டாவது கேனின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் மீட்டரை வைத்தேன். 640!

காலையில் வண்டி வந்ததும் கேட்டேன்.

“ஆர்.ஓ. தான் சார், சீல் பாருங்க.”

“சீல் இருக்குது, தண்ணி ஆர்.ஓ. இல்லையே. மீட்டரைப் பாருங்க.”

“அந்த மிசின் ரிப்பேர் சார்.”

அவர் கண்ணெதிரே புதுக் கேனைத் திறந்து வைத்தேன். 38. பழைய கேனில் 640. அதே மீட்டர்!

“கோடைல மோட்டார் ஓடல, கொஞ்சம் போர் தண்ணி கலந்திருப்பாங்க சார். அதுக்கு இன்னா? மனுசனே குடிக்கிறான், மீனுக்கு இன்னா?”

மனுசன் குடிக்கலாம் ஐயா! குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. மனுசன் அதில் முட்டை இடுவதில்லை. வளர்ந்த ராம்கூட 640-ல் தாக்குப்பிடித்துவிடும். முட்டை தாங்காது. கடினத் தண்ணீரில் அது சரியாகக் கருக்கொள்ளாது, வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும், கடைசியில் பெற்றதுகளே தின்றுவிடும். என் கண்முன்னே அதுதான் நடந்தது. சரி, மீனை விடுங்கள். ஆர்.ஓ. என்று காசு வாங்கிக்கொண்டு போர் தண்ணீரை சீல் போட்டு, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும் அதையேதானே இறக்கியிருக்கிறார்கள்?

சொந்தமாக ஒரு ஆர்.ஓ. மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன். கிரீன் சர்க்கிளில் வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன். முன்னாடி அத்தனை வண்டி நிற்பது தெரியவில்லையா? ஹாரன் அடித்தால் நான் என்ன, பறந்தா போவேன்?