உறை போட்ட எந்திரம்
ஆராய்ச்சித் தரத்தில் கருவி வாங்கிக் கொடுத்தால் இளங்கலை உயிரியல் மாணவர் தானாகவே ஆய்வாளராகிவிடுவார் என்று கட்டுரையில் இருக்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் படித்த இடத்தில் டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் புத்தம்புது பிசிஆர் எந்திரம் இருந்தது, பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையோடுதான் பார்த்தோம். 20 பேர் சுற்றி நிற்க ஆய்வக உதவியாளர் பட்டனை அழுத்துவார், நாங்கள் வெப்பநிலை 95 டிகிரி என்று நோட்டில் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான் பிராக்டிகல். மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் உறிஞ்சும்போது, பொத்தானை அழுத்தும் கட்டைவிரல் முதல் நிறுத்தத்தோடு நிற்க வேண்டும், மீறி அழுத்தினால் அளவு கூடிவிடும் என்பதே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். சரி, கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் போய் இப்போது செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. அதன் கொட்டை ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணுவை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்து ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2013இல் கண்டுபிடித்தது, நாற்றின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆரில் சோதித்தே அது தடித்த ஓட்டு டூராவா மெல்லிய ஓட்டு டெனெராவா என்று சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் மரம் காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்ஜெட்தான் பிரச்சினை என்று கட்டுரைக்கு வந்த பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு இலையை எங்கள் கையில் கொடுத்திருந்தால் அந்த உறையை நாங்களே கழற்றியிருப்போம்.