டீசலுக்கு வரிவிலக்கு உண்டு, ஆளுக்கு ஒரு தாள்கூட இல்லை

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் போதும், "கடல் வளம் காப்போம்" என்று ஆளாளுக்குப் பதிவு போடுகிறார்கள். நல்லதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கட்டும், மீன் பெருகட்டும். ஆனால் அந்தப் படகில் ஏறிப்போகிற ஆளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கரைப்பேட்டை, பழையாறு என்று எங்கள் பக்கம் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விசைப்படகில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் முதலில் கழியும், அப்புறம் படகுக்கும் வலைக்கும் பங்கு போகும், மிச்சம்தான் ஆட்களுக்கு. மீன்பாடு இல்லை என்றால் வெறுங்கைதான், வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நிற்கும். கடலில் மீன் குறையக் குறைய, டீசல் காசாவது தேறட்டும் என்று இன்னும் இரண்டு இழுப்பு, இன்னும் ஒரு ராத்திரி. ஆள் தூங்காமல் இழுக்கிறான், இழுவலையின் மடி கடலடியை வழித்துக்கொண்டு வருகிறது.

அந்த மடியில் வருவதைக் கிட்டே நின்று பாருங்கள். விலைபோகிற மீனைப் பொறுக்கி எடுத்த பிறகு தளத்தில் சங்காயம் என்கிற கழிவு மீன் குவிந்து கிடக்கும். விரல் நீளம்கூட வளராத காரல், நண்டுக்குஞ்சு, இன்னும் என்னென்னவோ நசுங்கிக் கூழாகி. அது காய்ந்து கோழித் தீவனமாகிறது, மீன்தூளாகி இறால் பண்ணைக்கும் போகிறது. அங்கே வளர்ந்த இறால் அமெரிக்கா வரை போகிறது. நடுவில், ஐஸ் தண்ணீரில் விரல் ஊறி நகக்கண் வெடிக்க இறால் உரித்துப் போடுகிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி.

ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லை என்று நாம் கடலில் பிடிக்கிற இறாலை மட்டும் அமெரிக்கா சில வருடங்களாக வாங்குவதில்லை. பங்குனி ஆமை நம் கரையிலும்தான் முட்டையிடுகிறது, அதைக் காக்கச் சொல்வது நியாயம். அதே வாயால், படகில் ஆள் தூங்கினானா என்றும் கேட்கட்டுமே!

கேட்டால் நடக்கும். தாய்லாந்துப் படகுகளில் மியான்மர்க்காரர்கள் அடிமைகளாக வேலை செய்தது, இந்தோனேசியாவின் பெஞ்சினாவில் கூண்டில் அடைபட்டது எல்லாம் 2015இல் வெளியே வந்து உலகமே கேள்வி கேட்டது. 2019இல் மீன்பிடித் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கையை ஆசியாவிலேயே முதலில் ஏற்றது தாய்லாந்துதான். எழுத்தில் ஒப்பந்தம், மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் 24 மணி நேரத்துக்கு 10 மணி நேர ஓய்வு என்று 2007இலேயே எழுதிய உடன்படிக்கை அது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

"படகுக்காரரே கடனில் இருக்கிறார்" என்பீர்கள். உண்மை, பலருக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி வைத்ததுதான் விலை. அதனால்தான் அரசாங்கத்தைக் கேட்கிறேன். விசைப்படகு டீசலுக்கு வரிவிலக்கு தருகிறீர்கள். அதை வாங்குகிற படகு, ஆட்களின் பெயரும் பங்கு விகிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை மீன்வளத்துறையில் கொடுக்கட்டும். ஏலக் கணக்கில் ஒரு நகல் ஆட்கள் கைக்கும் வரட்டும். இந்த வருடத் தடைக்காலம் முடிந்து படகு இறங்குவதற்குள் இதைச் செய்யலாம்.